சவுண்ட் செக்ல வாசிக்கிற பாட்டை மேடையிலயும் வாசிங்க: சென்னை மெல்லிசைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கல்யாண ரிசப்ஷன், ஆடி மாச அம்மன் கோயில் திருவிழா, அபார்ட்மென்ட் பொங்கல், கம்பெனி ஆண்டு விழான்னு சென்னையில எங்க மேடை போட்டாலும் வந்து பாடுற, வாசிக்கிற அண்ணன்மாருங்க, அக்காங்க, காலேஜ் முடிஞ்சதும் நேரா ரிதம் பேடைத் தூக்கிட்டு வந்துடுற தம்பிங்க எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன். குறிப்பா எந்த ஒரு குழுவையும் மனசுல வச்சு எழுதல, அதனால யாரும் நம்மளத்தான் சொல்றானோன்னு நெனச்சுக்க வேணாம்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். உங்க கச்சேரியில எனக்கு ரொம்பப் பிடிச்சது கச்சேரி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நடக்குறதுதான். சவுண்ட் செக். ஆறு, ஆறே கால் இருக்கும், பூ அலங்காரம் பண்றவங்க இன்னும் ஏணியை எடுத்திருக்க மாட்டாங்க, பொண்ணு வீட்டுக்காரங்க பன்னீர் சொம்பு எங்க வச்சோம்னு தேடிட்டு இருப்பாங்க, அந்த நேரத்துல நம்ம கீபோர்டுக்காரர் யாரும் கேக்கலன்ற தைரியத்துல ஒரு பிட்டு வாசிப்பாரு பாருங்க, அது சில நாள் அப்படியே ஆளை உலுக்கிடும். வடபழனி பக்கம் ஒரு மண்டபத்துல ஒருத்தர் "மழை தருமோ என் மேகம்" பாட்டை மெதுவா வாசிச்சு ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ணிட்டு இருந்தாரு. படம் மனிதரில் இத்தனை நிறங்களா, 1978, ஷ்யாம் மியூசிக். தபலாக்காரரும் சிரிச்சுக்கிட்டே கூட சேந்துக்கிட்டாரு. ரெண்டு பேருக்கும் பாட்டு முழுசாத் தெரியும், அது கையைப் பாத்தாலே தெரியுது. அப்புறம் ஏழு மணிக்கு லைட் போட்டாங்க, ஒரு பிள்ளையார் பாட்டு, அதுக்கப்புறம் வழக்கமா வர்ற அதே இருபது பாட்டு. மழை தருமோ அந்த ராத்திரி திரும்ப வரவே இல்ல.

இத நான் பல மண்டபத்துல பாத்துட்டேன். உங்களுக்கு அந்தப் பாட்டெல்லாம் தெரியாதுன்னா நான் இந்த லெட்டரே எழுதியிருக்க மாட்டேன். தெரியுது, பிடிச்சும் இருக்கு, கூட வாசிக்கிறவங்களுக்கு மட்டும் வாசிச்சுக் காட்டிட்டு எங்களுக்குக் குடுக்காம மூட்டை கட்டிட்டுப் போயிடுறீங்க. அதான் என் கோவம்.

உங்க பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். அட்வான்ஸ் குடுக்கும்போதே மாப்பிள்ளையோட தங்கச்சி வாட்ஸ்அப்ல லிஸ்ட் அனுப்பிடும். எட்டு மணிக்கு ஆஃபீஸ் ஃப்ரெண்ட்ஸ் வருவாங்க, ஒம்பது மணிக்கு அவங்களுக்குக் குத்துப் பாட்டு வேணும், பத்து மணிக்கு மைக் ஆஃப் பண்ணலன்னா மண்டபத்து மேனேஜர் ஒயரைப் புடுங்கிடுவாரு, போலீஸ் வேற வரும். இதுக்கு நடுவுல "எங்கம்மா சபதம் படத்துலேர்ந்து ஒரு பாட்டு"ன்னு சொன்னா எவன் கேப்பான்னு நீங்க நெனைக்கிறது தப்பில்ல. ஆனா நான் ஒரு கச்சேரிக்கு ஒரே ஒரு பாட்டுதான் கேக்குறேன், நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம். அதுக்கு நேரமும் இருக்கு, எங்க இருக்குன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லணும்ல. எங்க பெரியப்பா ராயபுரத்துல மைக் செட் வச்சிருந்தாரு. குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ஒரு ப்ளேயர், ரெக்கார்டு பெட்டி, அவ்ளோதான் கடை. சாவு வீட்டைத் தவிர எல்லா விசேஷத்துக்கும் போவாரு. ஹிட் படத்து ரெக்கார்டு எல்லாக் கடையிலயும் கெடைக்கும், ஆனா காசு ஜாஸ்தி, அதனால அவரு மூர் மார்க்கெட்டுக்குப் போயி பழைய ரெக்கார்டுங்களைக் கட்டா வாங்கிட்டு வருவாரு. 1985ல மூர் மார்க்கெட் எரிஞ்சு போற வரைக்கும் அதான் அவரோட கோயில். அந்தக் கட்டுல நாலு நல்ல படம் இருந்தா பத்து ஓடாத படம் இருக்கும். ஓடாத படத்து ரெக்கார்டையும் தூக்கிப் போட மாட்டாரு, விடியற்காலை வாழை மரம் கட்டுற நேரத்துல, ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி, அதத்தான் போடுவாரு. தெருவே அதக் கேட்டுக்கிட்டுதான் பல்லு வெளக்கும். நான் முதல்ல மனப்பாடம் பண்ண பாட்டெல்லாம் அந்த மாதிரிப் பாட்டுங்கதான், எந்தப் படம், யாரு ஹீரோன்னு ஒண்ணும் தெரியாது.

இன்னொண்ணு, அந்தக் காலத்து இபி ரெக்கார்டு, சின்ன சைஸ் இசைத்தட்டு. பக்கத்துக்கு ரெண்டு பாட்டுன்னு மொத்தம் நாலு பாட்டு இருக்கும் பெரும்பாலும். ஹிட் பாட்டுக்குன்னு முள்ளை வச்சா அது முடிஞ்சதும் பக்கத்துல இருக்குற பாட்டு தானா ஓடும். மைக் செட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருப்பாரு, வந்து முள்ளைத் தூக்க நேரம் ஆகும். அப்படித்தான் யாரும் கேக்காத பாட்டு நாலு பேரு காதுல விழுந்துச்சு. இப்போ போன்ல ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாக் கெடக்கு, தேடுனாதான் வரும், பேரு தெரிஞ்சாதான் தேட முடியும். இல்லன்னா நீ ஏற்கெனவே கேட்ட மாதிரியே இன்னொண்ணத்தத்தான் அது போடும். பேரே தெரியாத பாட்டை ஒருத்தன் எப்படித் தேடுவான் சொல்லுங்க. யாராச்சும் அவன் கேக்காமலே அவன் காதுல போடணும். கடைக்கு வெளிய ரெக்கார்டு போட்ட டீக்கடையும் இல்ல, குழாய் ஸ்பீக்கரும் இல்ல, இலங்கை வானொலியை ராத்திரி முறுக்கி முறுக்கி எடுத்த ஜெனரேஷனும் வயசாகிப் போச்சு. மிச்சம் இருக்குறது நீங்கதான். கல்யாணத்துக்கு வந்த முந்நூறு பேரும் தப்பிச்சு ஓட முடியாது, சாப்பாடு வேற இருக்கு.

சரி, ஏன் இந்தப் பாட்டுங்க அமுங்கிப் போச்சுன்னு யோசிச்சா பல காரணம் இருக்கு, படம் ஓடாதது அதுல ஒண்ணு மட்டும்தான். எனக்குத் தெரிஞ்சு பெரிய காரணம், நம்ம ஊர்ல மியூசிக் டைரக்டர்னா ஒரு காலத்துக்கு ஒருத்தர்தான்னு ஒரு நெனப்பு. அறுபது எழுபதுன்னா எம்எஸ்வி, எண்பதுன்னா ராஜா சார், தொண்ணூறுன்னா ரஹ்மான். இந்த மூணு டப்பாக்குள்ள அடங்காதவங்க எல்லாம் காணாமப் போயிடுறாங்க, இல்லன்னா அவங்க பாட்டை இவங்க பேர்ல போட்டுடுறோம். ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துல "சம்சாரம் என்பது வீணை" பாடுனாங்க, நல்லாவே பாடுனாங்க, ஆனா காம்பியர் அம்மா "மெல்லிசை மன்னரின் இசையில்"னு கூசாம சொல்லிட்டுப் போயிட்டாங்க. அது விஜயபாஸ்கர்ங்க. மயங்குகிறாள் ஒரு மாது, 1975. கன்னடத்துல டைரக்டர் புட்டண்ணா படங்களுக்கெல்லாம் போட்ட மனுஷன், தமிழ்ல அவரு போட்டதுல பாதி இப்படி எம்எஸ்வி கணக்குல வரவு வச்சாச்சு. எம்எஸ்வி இருந்திருந்தா அவரே வேணாம்னு சொல்லியிருப்பாரு.

அதே விஜயபாஸ்கர்தான் நான் மேல சொன்ன எங்கம்மா சபதத்துக்கும், 1974. "அன்பு மேகமே இங்கு ஓடி வா", எஸ்பிபியும் வாணி ஜெயராமும். இந்தப் பாட்டை ஒரு தடவ ஹெட்ஃபோன் இல்லாம, ஒரு பெரிய ஹால்ல, ஸ்பீக்கர்ல கேக்கணும்னு எனக்கு எத்தன நாள் ஆசை தெரியுமா. வாணியம்மா குரல் மேல ஏறும்போது மேல சீலிங் இருக்கக் கூடாது. அதனால மண்டபத்த விட கோயில் வாசல்ல போட்ட ஓப்பன் மேடைதான் அதுக்குச் சரி, இதையும் குறிச்சு வச்சுக்கோங்க.

இப்போ மியூசிக் டைரக்டர் வி. குமார். இவரைப் பத்தி ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன், வீட்ல திட்டுவாங்க, இருந்தாலும் சொல்றேன். பாலசந்தர் நாடகம் போட்டுட்டு இருந்த காலத்துலேர்ந்து கூட இருந்தவரு. எதிர் நீச்சல், இரு கோடுகள், வெள்ளி விழா, அரங்கேற்றம் எல்லாம் இவருதான். "காதோடுதான் நான் பாடுவேன்" மட்டும் எல்லாக் கச்சேரியிலயும் பாடிடுறீங்க, சந்தோஷம், ஆனா மேஜர் சந்திரகாந்த்ல 1966லயே சுசீலாம்மாவுக்கு "ஒரு நாள் யாரோ"ன்னு ஒண்ணு குடுத்திருக்காரே, அது எங்க போச்சு? அந்தப் பாட்டுல ஒரு வயசுப் பொண்ணோட குறும்பு இருக்கு, வெக்கம் இருக்கு, ஆனா கொஞ்சல் இல்ல. இன்னைக்கு மேடையில பாடுற தங்கச்சிங்க நெறைய பேருக்கு சுருதி சுத்தம், சங்கதி சுத்தம், ஆனா கொஞ்சாம குறும்பு காட்டத் தெரியல. அது கத்துக்கறதுக்கு இந்த ஒரு பாட்டு போதும்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

அப்புறம் 1974ல ராஜநாகம். கன்னடத்துல சக்கைப் போடு போட்ட நாகரஹாவு படத்தைத் தமிழ்ல எடுத்தது. அங்க மியூசிக் நம்ம விஜயபாஸ்கர், இங்க குமார். அதுல எஸ்பிபி, சுசீலா பாடுன "தேவன் வேதமும் கண்ணன் கீதையும்". இந்து பையன், கிறிஸ்டியன் பொண்ணு, கதைக்கு அந்த முதல் வரியே போதும். இதப் போயி ரெண்டு மதத்துக் கல்யாணத்துல பாடுனா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சென்னையில அந்த மாதிரிக் கல்யாணத்துக்கு என்ன பஞ்சமா, பெரம்பூர், புரசைவாக்கம், சாந்தோம்னு எங்க போனாலும் நடக்குது. காலையில சர்ச்சு, சாயங்காலம் மண்டபம். அங்கயும் போயி நீங்க வழக்கமா பாடுற அதே டூயட்டைத்தான் பாடுறீங்க!

"மதனோற்சவம் ரதியோடுதான்", சதுரங்கம், 1978. ரஜினி நடிச்ச படம்ங்க, ரஜினி ரசிகர்ங்க நெறைய பேருக்கே அந்தப் படத்துல இப்படி ஒரு பாட்டு இருக்குறது தெரியாது. எஸ்பிபி, வாணி ஜெயராம். இதுவும் குமார்தான். எழுபத்தெட்டுல ராஜா சார் அலை அடிச்சுட்டு இருந்த நேரம், அந்த அலையில இதெல்லாம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. ராஜா சார் மேல எனக்குக் குறை ஒண்ணும் இல்ல, சாமி கும்புடுறதும் அவரத்தான், ஆனா அவரே மியூசிக் டைரக்டர் ஜி.கே. வெங்கடேஷ் கிட்ட அசிஸ்டென்ட்டா இருந்தவரு, எஸ்பிபியோட மேடைக் கச்சேரிக் குழுவுல வாசிச்சவரு. அதாவது உங்க தொழில்லேர்ந்து போனவரு. வெங்கடேஷ் போட்ட "தேன் சிந்துதே வானம்" (பொண்ணுக்குத் தங்க மனசு, 1973) மட்டும் எப்படியோ மேடையில தப்பிப் பிழைச்சுடுச்சு. இதுல ஒரு வேடிக்கை பாருங்க, அந்தப் பாட்டோட முதல் வரியையே தலைப்பா வச்சு 1975ல ஒரு படம் வந்துச்சு, அதுக்கு மியூசிக் வி. குமார், அதுல யேசுதாஸ் பாடுனதுதான் "உன்னிடம் மயங்குகிறேன்". இதைச் சொல்லிட்டு ரெண்டு பாட்டையும் அடுத்தடுத்து பாடுனீங்கன்னா கேக்குறவன் வீட்டுக்குப் போயி பொண்டாட்டி கிட்ட சொல்லுவான். இந்த மாதிரி ஒரு தகவல் குடுத்துட்டுப் பாடுறது காம்பியரிங், "அடுத்து வருவது காதலர்களின் இதயத்தைத் தாலாட்டும்"ன்றது காம்பியரிங் கெடையாது. சொல்லிட்டேன், யாரும் கோச்சுக்காதீங்க.

எண்பதுலயும் இதே கதைதான். வேதம் புதிது (1987) பாட்டு எல்லாம் ராஜா சார்னு எத்தன பேரு சத்தியம் பண்ணுவாங்க? பாரதிராஜா படம்ன்றதால அப்படி ஒரு நம்பிக்கை. "கண்ணுக்குள் நூறு நிலவா" தேவேந்திரன் போட்டது. அஜித் ஹீரோவா நடிச்ச முதல் தமிழ்ப் படம் அமராவதி (1993), "தாஜ்மஹால் தேவையில்லை", அது பாலபாரதி. அச்சமில்லை அச்சமில்லை (1984), அது வி.எஸ். நரசிம்மன். நரசிம்மன் சாரு எப்பேர்ப்பட்ட வயலின்காரர்னு உங்கள்ல ஸ்ட்ரிங்ஸ் வாசிக்கிறவங்களுக்குத் தெரியும், ராஜா சாரோட ஹவ் டு நேம் இட் ஆல்பத்துல வயலின் அவருதான், மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டும் அவரு ஆரம்பிச்சதுதான். அவர் ட்யூன்ல "ஓடுகிற தண்ணியில" எவ்ளோ அழகான பாட்டு, மலேசியா வாசுதேவன் குரல்ல வர்ற அந்த வெள்ளந்தித்தனம்! பாடுற அண்ணன்மாருங்க எல்லாரும் எஸ்பிபி மாதிரி பாடத்தான் ட்ரை பண்றீங்க, மலேசியா வாசுதேவன் மாதிரி பாட ஒரு ஆள் கெடைச்சா அவரை விடாதீங்க.

ஷ்யாமைப் பத்தி இன்னும் ரெண்டு வரி. எம்எஸ்வி கிட்ட வயலின் வாசிச்சவரு, அப்புறம் மலையாளத்துக்குப் போயி அங்க பெரிய ஆளாயிட்டாரு, இங்க நாம மறந்துட்டோம். வா இந்தப் பக்கம்னு மௌலி படம், 1981, பி.சி. ஸ்ரீராம் முதல்முதலா கேமரா பிடிச்ச படம்னு சினிமாக்காரங்க அதுக்காக ஞாபகம் வச்சிருக்காங்க. எனக்கு அது "ஆனந்த தாகம்" பாட்டுக்காகத்தான் ஞாபகம். ஜானகியம்மா கூட தீபன் சக்ரவர்த்தி. தீபன் யாரு, திருச்சி லோகநாதன் பையன், "பூங்கதவே தாழ் திறவாய்" பாடுனவரு. அந்த ஒரு பாட்டோட அவரை முடிச்சு வச்சுட்டோம். பாடகி ஜென்சியும் அப்படித்தான், அவங்க பாடுன நாலஞ்சு ஹிட்டைத் திருப்பித் திருப்பிப் போடுறோம், கடவுள் அமைத்த மேடை படத்துல (1979) எஸ்பிபி கூட பாடுன "மயிலே மயிலே" ஹம்ஸத்வனி ராகத்துல எப்படி இருக்கும்! இது ராஜா சார் பாட்டுதாங்க. பாத்தீங்களா, ராஜா சார் பாட்டுக்கே இந்த நெலமைன்னா மத்தவங்க கதியைக் கேக்கணுமா?

மேடைக்குன்னே செஞ்ச மாதிரி ஒண்ணு சொல்றேன். நீ பாதி நான் பாதி, 1991, மரகதமணி. இப்போ உலகமே கீரவாணின்னு கொண்டாடுது, ஆஸ்கர் வாங்கிட்டாரு, ஆனா தமிழ்ல மரகதமணின்ற பேர்ல அவர் போட்டத மேடையில யாரும் எடுக்குறதில்ல. அந்தப் படத்துல "நிவேதா"ன்னு ஒரு பாட்டு. அந்தப் பேரைத் தவிர வார்த்தையே கெடையாது, மிச்சமெல்லாம் ஸ்வரம். டேப்லெட்ல லிரிக்ஸ் பாத்துப் பாடும்போது பேஜ் மாறிடுச்சுன்னு முழிக்கிற பிரச்சனையே இல்ல. பொண்ணு பேரு நிவேதான்னு ஒரு கல்யாணம் வந்தா, இதப் பாடலன்னா நான் உங்கள மன்னிக்கவே மாட்டேன்.

கண்ணில் தெரியும் கதைகள்னு ஒரு படம், 1980. "எங்கிருந்தாலும் வாழ்க" பாடுன ஏ.எல். ராகவன்தான் ப்ரொட்யூசர். ஒரே படத்துக்கு அஞ்சு மியூசிக் டைரக்டர். ஒரு பாடகர் சொந்தக் காசைப் போட்டு தனக்குத் தெரிஞ்ச மியூசிக் டைரக்டருங்கள எல்லாம் கூப்புட்டு ஆளுக்கு ஒரு பாட்டுன்னு வாங்கியிருக்காரு, எவ்ளோ ஆசை இருந்திருக்கணும் அந்த மனுஷனுக்கு. ராஜா சார் போட்ட "நான் ஒரு பொன்னோவியம் கண்டேன்" கொஞ்சம் பேருக்குத் தெரியும், ஷங்கர் கணேஷ் போட்ட "நான் உன்ன நெனச்சேன்"ஐயும் கொஞ்சம் பேரு சொல்லுவாங்க. இந்த ரெண்டையும் ஒரே கச்சேரியில அடுத்தடுத்து வச்சுப் பாடி ஒருத்தர் கூட நான் பாத்ததில்ல.

பழசு வேணும்னா ஆடிப்பெருக்கு படத்துல (1962) ஏ.எம். ராஜா மியூசிக்ல சுசீலாம்மா பாடுன "காவேரி ஓரம்". ஆடி மாசம் நம்ம ஏரியால தெருவுக்கு ஒரு கூழ் ஊத்தல், ஒரு மேடை. அங்க மாரியம்மா பாட்டோட இதையும் ஒண்ணு வைக்கலாமே. புதுசுன்னா கார்த்திக் ராஜா மியூசிக் போட்ட ஆல்பம்ன்ற படம் (2002), "செல்லமே செல்லம்", ஷ்ரேயா கோஷல் தமிழ்ல முதல்ல பாடுனது. அவங்க பாட்டுக்கு இவ்ளோ கைதட்டல் வருதே, முதல் பாட்டைப் பாடுறதுல என்ன கஷ்டம்?

ஒண்ணையும் ஒத்துக்கணும், அமுங்கிப் போன பாட்டெல்லாம் தங்கம்னு நான் சொல்லல. பெரியப்பாவோட ரெக்கார்டு கட்டுல பாதி சுமார்தான், சிலதெல்லாம் அமுங்குனதே நல்லதுன்னு தோணும். யாருக்கும் தெரியாததுன்றதுக்காகவே ஒரு பாட்டைத் தூக்கிப் பிடிக்கிற ஆளுங்களையும் எனக்குத் தெரியும், அவங்களோட அஞ்சு நிமிஷம் உக்காந்து பேச முடியாது. பாட்டு நல்லாருக்கணும், அதான் முதல் கண்டிஷன். நீங்க சவுண்ட் செக்ல வாசிக்கிறது அந்த டெஸ்ட்டை ஏற்கெனவே பாஸ் பண்ணுனது, ஏன்னா அந்த நேரத்துல யாரும் உங்களக் கேக்கச் சொல்லல, காசும் இல்ல, கை தானா அங்க போகுது.

அடுத்தது மைனஸ் ட்ராக் சமாச்சாரம், அதாவது பாடுறவங்க குரல் இல்லாம வெறும் வாத்தியம் மட்டும் இருக்குற ட்ராக். இப்போ நெறைய கச்சேரியில ரெண்டு பாடகர், ஒரு லேப்டாப், அவ்ளோதான். கரோக்கி கெடைக்கிற பாட்டுதான் பாட்டு. நெட்ல மைனஸ் இல்லன்னா அந்தப் பாட்டே உலகத்துல இல்லன்ற மாதிரி ஆயிடுச்சு. பட்ஜெட் இல்லாத வீட்ல அது சரி, நான் குறை சொல்லல. ஆனா கீபோர்டு, கிட்டார், தபலா, பேடுன்னு முழு செட்டோட வர்ற குழுவும் ட்ராக் இருக்குற பாட்டையே வாசிச்சா அப்புறம் எதுக்கு இத்தன பேரு வேன்ல ஏறி வர்றீங்க? ட்ராக் இல்லாத பாட்டை வாசிக்க முடியும்ன்றதுதானே உங்க கெத்து. வேணும்னா பழைய ரெக்கார்டைக் கேட்டு நோட்ஸ் எழுதுங்க, ஒரு தடவ எழுதிட்டா அது காலத்துக்கும் உங்க ஃபைல்ல இருக்கும், வேற குழு கிட்ட இருக்காது.

இப்போ நேரம் எங்க இருக்குன்னு சொல்றேன்னு சொன்னேன்ல. எட்டேகால்லேர்ந்து எட்டேமுக்கால் வரைக்கும். பந்தி நேரம். பொண்ணு மாப்பிள்ளை போட்டோ க்யூவுல சிக்கிட்டு இருப்பாங்க, ஆஃபீஸ் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மொய் கவரைக் குடுத்துட்டு மாடிக்கு சாப்பிடப் போயிடுவாங்க, லிஸ்ட் அனுப்புன தங்கச்சி செல்ஃபி எடுத்துட்டு இருக்கும். கீழ ஹால்ல இருக்குறது முதல் பந்தியில சாப்பிட்டு முடிச்ச பெருசுங்க, வெத்தலை பாக்கோட உக்காந்திருப்பாங்க, அப்புறம் நாற்காலியில தூங்குற பசங்களும் அவங்க அம்மாங்களும். அந்த நேரத்துல நீங்க சும்மா ஒரு ஃப்ளூட் ட்ராக்கைப் போட்டுட்டு தண்ணி குடிக்கப் போறீங்க. அந்த நேரத்தைக் குடுங்க எங்களுக்கு. அங்க உக்காந்திருக்குற பெருசுங்களுக்குத்தான் இந்தப் பாட்டுங்க எல்லாம் எங்கயோ ஒரு மூலையில கெடக்கும். ஒரு பாட்டி "மீண்ட சொர்க்கம் பாட்டாச்சே இது"ன்னு பக்கத்துல இருக்குறவங்கள இடிச்சு சொல்லும். "கலையே என் வாழ்க்கையின்", ஏ.எம். ராஜா சுசீலா, 1960, ஸ்ரீதர் படம், மியூசிக் சலபதி ராவ். அதையும் லிஸ்ட்ல சேத்துக்கோங்க, நான் மறந்தே போயிட்டேன் பாருங்க.

யாரும் கை தட்டலன்னா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. தட்ட மாட்டாங்கதான், அந்த நேரத்துல நீங்க எதைப் பாடுனாலும் தட்ட மாட்டாங்க, கையில வெத்தலை இருக்கும். அதனால நஷ்டம் ஒண்ணும் இல்ல.

பாடுறதுக்கு முன்னாடி படம் பேரு, பாடுனவங்க பேரு, மியூசிக் டைரக்டர் பேரு, எழுதுனவங்க பேரு, இத மட்டும் சரியா சொல்லிடுங்க. அந்தக் காலத்துல ரேடியோவுல ஒவ்வொரு பாட்டுக்கும் இதைச் சொல்லிட்டுதான் போடுவாங்க, அதைக் கேட்டுக் கேட்டுதான் எங்க பெரியப்பா மாதிரி ஆளுங்க நாலாவது வரைக்கும் படிச்சுட்டு நாலாயிரம் பாட்டுக்கு மியூசிக் டைரக்டர் யாருன்னு சொன்னாங்க. பேரைச் சொன்னாதான் கேட்டவன் வீட்டுக்குப் போயி போன்ல தேட முடியும். சந்தேகமா இருந்தா ராஜா சார்னு சொல்லித் தப்பிக்காதீங்க, பேரைச் சொல்லாமலே பாடிடுங்க, அது தேவல.

ஐப்பசியில முகூர்த்தம் ஆரம்பிச்சா உங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, அதனால ஆடி கச்சேரி முடிஞ்சு கொஞ்சம் ஃப்ரீயா இருக்கும்போது ரிகர்சல்ல ஒண்ணே ஒண்ணு எடுத்து ரெடி பண்ணுங்க. எதுலேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னா நான் மதனோற்சவத்தைத்தான் சொல்லுவேன். டூயட்டு, எல்லாக் குழுவுலயும் எஸ்பிபி பாட ஒருத்தர் இருக்காரு, வாணியம்மா பாட்டைப் பாடத் துடிக்கிற ஒரு அக்காவும் இருப்பாங்க, கல்யாணத்துக்கும் பொருத்தம். ஸ்கேல் உங்க இஷ்டம், ஆனா தயவுசெஞ்சு டெம்போவை ஏத்திடாதீங்க, பேடு வாசிக்கிற தம்பி கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.

இப்படிக்கு,
பெரம்பூர்லேர்ந்து ஒரு ரசிகன்